பழம்பாடல் இரவுச் சுவரொட்டிகள்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பழம்பாடல் இரவு நடைபெறுமெனில், அதற்குப் பல நாள் முன்னரே சுவரொட்டி நம்மை அழைத்துவிடுகிறது. அதனையும் ஒரு பனுவல்போல் படித்துப் பார்த்தல் தகும்.

பெரும்பாலானவற்றில் கூம்புக் குழல் பொருத்திய கிராமபோன் நடுவே நிற்கும். கண்ணைக் கவரும் சின்னந்தான். ஆயின், மேடையில் பாடப்படுபவை பெரிதும் 1950, 1960ஆம் ஆண்டுகளின் பாடல்கள். அவற்றை நம் செவிக்குக் கொணர்ந்தவை வானொலியும் வெளிக்குழலற்ற இசைத்தட்டுப் பெட்டியுமே. பழுப்பு நிறமும் அவ்வாறே. அக்காலத் திரைப்படச் சுவரொட்டிகள் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பளிச்சிட்டவை அல்லவா? பழமை மங்கலாகத்தான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது?

எழுத்துக்கு வருவோம். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்யுமுன் லை, னை முதலியன யானைத் தும்பிக்கைபோல் வளைந்த கொம்பு பெற்றிருந்தன. தலைப்பில் அவ்வளைவு ஒன்றே காலத்தைக் காட்டியிருக்கும். (என் மாணவர் சற்றுத் தடுமாறியிருப்பர் என்பதும் உண்மை.)

என் மனக்குறை வேறு. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படத்தை நினைவூட்டும் தாளொன்றில் எம். கே. தியாகராஜ பாகவதரின் முகம் பாதி இடத்தை நிறைத்திருந்தது. பாடல்களை இயற்றிய பாபநாசம் சிவனின் பெயரில்லை. அந்நாளைய மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களோ பாட்டின் தலையில் இராகமும் தாளமும் அச்சிட்டன. இத்தாளின் அடிவரிசை முழுவதும் நன்கொடை நிறுவனங்களின் சின்னங்கள். அதனை வகுப்பில் காட்டி, பாட்டெழுதியவர் யாரென வினவினேன். பாகவதர் என்றனர் மாணவர்.