வெயிலில் மரம் சீவுகிறவர்

மாதம் ஒருமுறையாவது அந்தப் பழைய படங்களில் ஒன்று கைப்பேசிக்கு வந்துவிடும். முண்டாசு, வெற்று மார்பு, பின்னால் மரங்கள். கீழே 'நம் முன்னோர்' என்று ஒரு வரி. நானும் கும்பிட்டு அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

மலாயா பற்றிய அந்தக் காலப் படங்களில் நிறைய, இரண்டு ஜெர்மானியப் பெயர்களோடு வருபவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிங்கப்பூரில் இயங்கிய ஜி.ஆர். லம்பர்ட் ஸ்டூடியோ மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மனிதர்களை 'இன மாதிரி'களாகப் படமெடுத்து விற்றது. சி.ஜே. கிளைங்குரோத்தே 1907இல் மலாய் தீபகற்பம் பற்றி ஓர் ஆல்பம் வெளியிட்டார். லைடன் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருவரின் படங்களையும் பார்க்கலாம். படமெடுத்தவருக்குப் பெயர் உண்டு. படத்தில் நிற்கும் தமிழருக்குப் பெரும்பாலும் இல்லை.

கட்டடத்தில் விரிசலைப் படமெடுக்கும்போது நாங்கள் பக்கத்தில் ஒரு பேனா வைப்போம், அளவு தெரிவதற்காக. அறிக்கையைப் படிப்பவர் பேனாவைப் பார்ப்பதில்லை. பல தோட்டப் படங்களில் நம் ஆள்தான் அந்தப் பேனா. மரத்தின் பருமன் தெரியவேண்டும், அதற்காக அவர் நிற்கிறார்.

1890களில் சிலாங்கூரில் காப்பிதான் பெரிய பயிர். பிரேசில் காப்பி குவிந்து விலை விழுந்ததும் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய சனங்கள் அன்றைய அரசு அறிக்கைகளில் எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள்: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் செத்தார்கள். அங்கே முகமில்லை என்றுதான் நாம் படங்களிடம் போகிறோம். போய், 'தமிழர் மாதிரி' என்ற பழைய குறிப்பை அழித்து 'நம் முன்னோர்' என்று எழுதுகிறோம். இரண்டிலும் அந்த ஒரு மனிதர் காணாமல் போகிறார்.

போன மாதம் அப்படி ஒரு படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். மரத்தில் கத்தி வைத்தபடி ஒருவர் நிற்கிறார். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருசம் மரம் சீவின பாட்டி, பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இவ்ளோ வெயில்ல எவன்டா மரம் சீவுவான்?"

எனக்கு இது உறைக்கவே இல்லை. பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிரில். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆனால், அந்தக் காலக் கண்ணாடித் தகட்டுக்கு வெளிச்சம் வேண்டும். மரநிழலில், விடியல் இருட்டில், அசையும் கையைப் பிடிக்க அதனால் முடியாது. அப்படியானால் அவர் வேலை செய்யவில்லை. வேலை செய்வதுபோல் நிற்கச் சொல்லப்பட்டு நிற்கிறார். நான் படித்த எந்தப் படக்குறிப்பிலும் இது இல்லை.

இந்தப் படங்களைப் பகிர வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள் என்கிறேன். பெரட்டுக்கு நின்றவர்கள், கத்தி பிடித்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் தொடங்கிய செம்பனை இன்று கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. பால்மரம் தெரிந்தவர்கள் போய்விட்டால் அந்தப் படங்களை லைடன் குறிப்பை வைத்துத்தான் நாமும் பார்ப்போம்.

பாட்டி படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். முகத்தைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பட்டையைப் பார்த்தார்.

"மரத்துல காயமே இல்ல பாரு. நல்லா சீவத் தெரிஞ்சவன்."