கருவிகள் ஒத்துப்போகின்றனவா? மூன்று நெறிமுறைகள் பற்றி ஒரு மதிப்பீடு

கணிப்பொறியில் படித்துவிட்ட கடிதம் கைப்பேசியிலும் படித்ததாகவே காட்டப்பட வேண்டும். கைப்பேசியில் மாற்றிய கூட்ட நேரம் கணிப்பொறியிலும் மாறியிருக்க வேண்டும். ஓரிடத்தில் எழுதிய பெயர் எல்லா இடங்களிலும் அதே பெயராகத் தோன்ற வேண்டும். வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்வோர் தம் கருவிகளிடம் எதிர்பார்ப்பவை இம்மூன்றே. இவற்றை நிறைவேற்றும் ஏற்பாட்டுக்கு ஒத்திசைவு என்று பெயர்.

சோகோ நிறுவனம் 2011-இல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் தன் அலுவலகத்தைத் தொடங்கியபோது, மென்பொருள் வேலைக்கு நகரம் கட்டாயமில்லை என்பது தெளிவாயிற்று. 2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது அதே உண்மையை எல்லா ஊர்களும் கண்டுகொண்டன. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்தும் இத்தகைய பணியைச் செய்ய இயலும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நகர அலுவலகத்தில் கருவி பழுதானால் பார்ப்பதற்குக் கணிப்பொறிப் பிரிவு இருக்கும். கிராமத்து வீட்டில் அப்படி யாரும் இல்லை. அங்கே பணியாளரைக் காப்பாற்ற வேண்டியது கருவிகளுக்கிடையே உள்ள நெறிமுறையே. ஆகவே அந்நெறிமுறைகளின் தரத்தை நாம் சற்றுக் கண்டிப்புடனேயே ஆராய வேண்டும்.

அஞ்சல்: நன்கு அமைந்த நெறி

1984-இல் வந்த பாப் என்னும் நெறிமுறை, ஊர்த் தபால் நிலையத்தில் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதைப் போன்றது. கடிதம் ஒரு கருவிக்கு வந்து சேர்ந்தது என்றால், அது படிக்கப்பட்டதா, எந்த உறையில் வைக்கப்பட்டது என்பன மற்றக் கருவிகளுக்குத் தெரியா. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986-இல் உருவாக்கிய ஐமேப் நெறிமுறை இதைத் தலைகீழாக மாற்றியது. கடிதம் சர்வரிலேயே இருக்கும். கருவிகள் யாவும் அதைப் பார்க்கும் சன்னல்களே. படித்தது, பதில் எழுதியது போன்ற அடையாளங்களும் சர்வரில்தான் பதிவாகும்.

ஐமேப் வெற்றி பெற்றதற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. அனுப்பப்பட்ட கடிதம் பிறகு மாறுவதில்லை. மாறுபவை அதன் மீதுள்ள அடையாளங்களும் அது இருக்கும் இடமும் மட்டுமே. மாறாத பொருளை ஒத்திசைப்பது எளிது.

எனினும் குறையில்லாமல் இல்லை. கடிதம் அனுப்புவது ஐமேப்பின் வேலையன்று. அதற்கு வேறொரு நெறிமுறை உண்டு. ஆகவே பல அமைப்புகளில் கருவியானது கடிதத்தை ஒரு முறை அனுப்பிவிட்டு, அதன் நகலை 'அனுப்பியவை' என்னும் உறையில் வைப்பதற்காக மீண்டும் ஒரு முறை ஏற்றுகிறது. இதன் விலை என்ன என்று கணக்கிடலாம். 5 மெகாபைட் இணைப்பு, அஞ்சலுக்குரிய குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு பெருத்து ஏறக்குறைய 6.7 மெகாபைட் ஆகிறது. இரு முறை ஏற்றினால் 13.3 மெகாபைட். ஏற்றும் வேகம் வினாடிக்கு 1 மெகாபிட் மட்டுமே உள்ள இணைப்பில் இதற்கு 107 வினாடி ஆகும். இதில் பாதி வீண். வேகமான நகர இணைப்பில் உட்கார்ந்து சிந்தித்தவர்களுக்கு இந்தக் குறை உறைத்திராது.

நாட்காட்டி: முரணைக் காணும், தீர்க்காது

நாட்காட்டிப் பதிவு கடிதத்தைப் போன்றதன்று. அது அடிக்கடி மாறும். அதையும் பலர் மாற்றுவர். 2007-இல் வெளியான கால்டாவ் நெறிமுறை இச்சிக்கலைக் கையாள்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் சர்வர் ஒரு பதிப்பு முத்திரை இடுகிறது. கருவி ஒரு மாற்றத்தை அனுப்பும்போது, தான் எந்த முத்திரையுள்ள பதிப்பைத் திருத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இதற்குள் வேறொருவர் மாற்றியிருந்தால் முத்திரை பொருந்தாது. சர்வர் மாற்றத்தை ஏற்க மறுக்கும்.

இம்முறையில் கடிகாரத்துக்கு இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'யார் கடைசியில் எழுதினாரோ அவர் சொல்லே செல்லும்' என்று வைத்தால், மின்கலம் செத்துப்போன பழைய கணிப்பொறி பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டி, இன்று எழுதிய திருத்தத்தையே பழையதாக்கிவிடும். முத்திரை முறையில் அந்த ஆபத்து இல்லை.

இதில் இயற்பியல் மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சிறப்புச் சார்பியல் கொள்கையின் சாயலில் இவ்வினாவை அணுகியது. ஒரு நிகழ்ச்சியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி சென்றிருந்தால்தான் முன்னது எது, பின்னது எது என்று உறுதியாகக் கூற முடியும். செய்தித் தொடர்பே இல்லாத இரு நிகழ்ச்சிகளுக்கு அத்தகைய வரிசை கிடையாது. இணைப்பு அறுந்த நேரத்தில் கைப்பேசியில் ஒரு திருத்தமும் கணிப்பொறியில் வேறொரு திருத்தமும் செய்யப்பட்டால், எது சரி என்று எந்த இயந்திரமும் தானாக முடிவு செய்ய இயலாது. மனிதரைத்தான் கேட்க வேண்டும்.

கால்டாவின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. முரண் இருப்பதை அது கண்டுபிடிக்கிறது. ஆனால் பயனாளரிடம் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று செயலிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு செயலி கேட்கும். மற்றொன்று சர்வரில் உள்ளதை ஏற்றுக்கொண்டு நம் திருத்தத்தை ஓசையின்றி விட்டுவிடும். இணைப்பு அடிக்கடி அறுபடும் ஊரில் வாழ்பவருக்கே இந்த இழப்பு மிகுதியாக நேரும்.

நேர மண்டலத்தைக் கால்டாவ் கையாளும் விதம் பாராட்டுக்குரியது. பிரான்சோடு நெடுங்காலத் தொடர்புள்ள புதுச்சேரிக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு. பாரீசில் மாலை 3 மணிக்கு நடக்கும் வாரக் கூட்டம், குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30 மணி. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவதால், அதன்பின் நமக்கு 6.30 மணி. கூட்டத்தைப் 'பாரீஸ் நேரம் 3 மணி' என்று பதிந்தால் நாட்காட்டி தானே சரிசெய்துகொள்ளும். 'நம் நேரம் 7.30' என்று பதிந்தவர் ஏப்ரலில் கூட்டம் முடிந்தபின் வந்து நிற்பார். இதில் நெறிமுறையின் குற்றம் இல்லை.

பெயர் அட்டை: நமக்கு அளவெடுக்காத சட்டை

தொடர்பு விவரங்களைச் சாதனங்களுக்கிடையே கொண்டுசெல்வது விகார்டு என்னும் அட்டை வடிவம். அதை ஒத்திசைப்பது 2011-இல் வந்த கார்ட்டாவ் நெறிமுறை. மூன்றிலும் தாழ்ந்த மதிப்பெண் இதற்கே தர வேண்டியுள்ளது.

முதற்குறை பெயரின் அமைப்பு. விகார்டில் பெயருக்கான பகுதி, குடும்பப் பெயர் முதலிலும் சொந்தப் பெயர் அடுத்தும் வரும்படி அமைந்துள்ளது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. அதை எந்தக் கட்டத்தில் இடுவது? ஒருவர் முதற்கட்டத்திலும் மற்றொருவர் இரண்டாம் கட்டத்திலும் இட, ஒரே ஆள் அகரவரிசையில் இரண்டு இடங்களில் தோன்றுகிறார். புதுச்சேரியிலோ இன்னொரு சிக்கல்: 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டனர். ஆகவே ஒரே தெருவில் இரு வகைப் பெயர் முறைகள் உள்ளன. ஒரு முறையை மட்டும் அறிந்த அட்டை இங்கே தடுமாறுகிறது. 2011-இல் வந்த 4.0 பதிப்பு, கட்டம் பிரித்த பெயரைக் கட்டாயமற்றதாக்கி, முழுப் பெயரை மட்டும் கட்டாயமாக்கியது. இது நல்ல திருத்தம். ஆனால் தாமதமான திருத்தம்.

இரண்டாம் குறை எழுத்து. சில கைப்பேசிகள் இன்னும் அட்டைகளைப் பழைய 2.1 வடிவிலேயே வெளியிடுகின்றன. அதில் தமிழெழுத்தின் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக மாற்றி எழுதப்படும். யூனிகோடில் 'பாகூர்' 6 குறியெண்கள்; ஒன்றுக்கு 3 பைட் வீதம் 18 பைட்; மாற்றி எழுதினால் 54 குறிகள். 'வில்லியனூர்' 11 குறியெண்கள், 33 பைட், 99 குறிகள். இம்மாற்றெழுத்து முறையில் ஒரு வரிக்கு 76 குறிகளே உச்ச அளவு. ஆகவே பாகூர் ஒரே வரியில் அடங்கும். வில்லியனூர் உடைந்து அடுத்த வரிக்குச் செல்லும். உடைந்த வரியைச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில் வில்லியனூர் பாதியில் நின்றுவிடும். ஓர் ஊரின் பெயர் நீளமாக இருப்பது குற்றமா?

எல்லாவற்றுக்கும் மேலான ஆபத்து

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. ஒத்திசைவு நல்லதைப் பரப்புவது போலவே கெட்டதையும் பரப்பும். கைப்பேசியில் தவறி அழித்த ஒரு தொடர்பு, சில நொடிகளில் எல்லாக் கருவிகளிலும் அழியும். நெறிமுறை செம்மையாக வேலை செய்வதற்கு அதுவே சான்று! மாதம் ஒரு முறை தொடர்புகளையும் நாட்காட்டியையும் கோப்பாக வெளியிட்டு, இணையத்தோடு சேராத ஓரிடத்தில் வைப்பதே காப்பு.

தீர்ப்பாகச் சொன்னால், ஐமேப்பை நம்பலாம். கால்டாவைக் கவனத்துடன் நம்பலாம். பெயர் அட்டையைச் சோதித்த பின்பே நம்ப வேண்டும். மூன்றும் வெளிப்படையான நெறிமுறைகள் என்பதால், ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றுக்கு மாறும் உரிமை நமக்கு இருக்கிறது. இது சிறிய நன்மையன்று. குறைகளைத் திருத்தும் பணியில் தமிழ் மாணவர்களும் பங்கு பெற வழி திறந்தே உள்ளது.

தொடக்கமாக ஓர் எளிய சோதனையைச் செய்து பாருங்கள். இரு கருவிகளில் ஒரே நாட்காட்டிப் பதிவைத் திறந்து, இரண்டின் இணைய இணைப்பையும் துண்டியுங்கள். ஒன்றில் நேரத்தை 4 மணி என்றும் மற்றதில் 5 மணி என்றும் மாற்றிவிட்டு, மீண்டும் இணையுங்கள். எந்த நேரம் வென்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தோற்ற நேரத்தைப் பற்றி உங்களிடம் ஒரு சொல்லாவது கேட்கப்பட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்காத செயலியிடம் உங்கள் வேலை நாளை ஒப்படைக்கலாமா என்பதை அதன்பின் நீங்களே முடிவு செய்யலாம்.