பட்டிக்கு எல்லை எது?

2022 டிசம்பரில் மண்டோஸ் புயலை ஒட்டி வந்த குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பட்டிக்காரர் விடியும்போது கண்டது விறைத்துக் கிடந்த மாடுகளை. தொற்றுநோயோ என்ற அச்சத்தில் இறைச்சி கொண்டுசெல்வதற்குத் தற்காலிகத் தடையும் வந்தது. கடைசியில் குளிரே காரணம் என்றார்கள். அதன்பின் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: மிருக வைத்தியர்களை மந்தை நல முகாமைத்துவத்தில் பயிற்றுவித்தால் இத்தகைய அழிவுகள் நேரா. இதில் பாதிக்கு மேல் என்னால் உடன்பட முடியவில்லை.

உடன்படும் பாதி இது. ஊசியோடு ஒவ்வொரு மாடாகத் தேடிப் போகும் வைத்தியம், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னிக்குப் போதாது. ஒரு பிரிவின் வைத்தியர் ஆயிரக்கணக்கான மாடுகளுக்குப் பொறுப்பு. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், மடிவீக்கத்தை முன்கூட்டியே அறிதல் எல்லாவற்றையும் கூட்டமாகப் பார்த்தே செய்ய வேண்டும். இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் தரும் ஒரே பீடமான பேராதனை இதைக் கற்பிப்பதும் சரியே.

சிக்கல், 'மந்தை' என்று எதைக் கொள்கிறோம் என்பதில் இருக்கிறது. ராடோஸ்டிட்ஸும் பிளட்டும் 1985 இல் வெளியிட்ட மந்தை நலப் பாடநூல் முதல் இத்துறை வளர்ந்த நாடுகளில் மந்தை என்றால் வேலி, ஒரே உரிமையாளர், ஒழுங்கான பதிவேடு. கன்று ஈனும் இடைவெளி, ஒன்று முதல் ஐந்து வரையான உடல்நிலை மதிப்பெண், பாலில் உள்ள உயிரணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இலக்கோடு ஒப்பிட்டு வைத்தியர் உரிமையாளருக்கு ஆலோசனை சொல்வார். குறையைத் திருத்தும் அதிகாரம் அந்த உரிமையாளரின் கையில் இருக்கும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

வன்னியில் அந்த அதிகாரம் பட்டிக்காரரிடம் இல்லை. பலருடைய மாடுகள் ஒரே பட்டியில் நிற்கும். அறுவடை முடிந்தால் வயல் தாள், கோடையில் குளத்தின் அலைகரை, மற்றபடி காட்டோரம் என்று மேய்ச்சல் இடம் மாறும். ஒக்டோபரில் காலபோகம் தொடங்கியதும் வயல்கள் மூடப்படுகின்றன, குளம் நிறைய அலைகரையும் போகிறது. போர்க்காலத்தில் பற்றையேறிய மேய்ச்சல் தரைகளில் கணிசமானவை இன்று வனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடுகள். வயலுக்குள் இறங்கும் மாடு கட்டாக்காலியாகிப் பிடிபடும், தண்டம் கட்ட வேண்டும். மாடு தன் உடற்சூட்டின் ஒரு பங்கை வயிற்றில் நொதிக்கும் தீனியிலிருந்து பெறுகிறது. இரண்டு மாதம் அரைவயிற்றோடு நின்ற மாடு டிசம்பர் மழையில் இரவு முழுக்க நனைந்தால் விழாமல் என்ன செய்யும்? குளிர் கடைசி அடிதான். அதற்கு முந்திய அடிகளைக் கொடுத்தவை எவை என்று மரணச் சான்றில் எழுத இடமில்லை.

நோய்களும் இதையே சொல்கின்றன. தொண்டை அடைப்பானை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த இலங்கையர் டி அல்விஸ் 1999 இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நலமாகத் தெரியும் மாட்டின் தொண்டைச் சதையில் கிருமி தங்கியிருக்கும். பசியும் மழையும் சேர்ந்து உடலைத் தளர்த்தும்போது கிளம்பும். புரூசெல்லாவில் ஒரு மாடு கன்று சிதைத்த புல்வெளியில் நாளை அடுத்த பட்டி மேய்கிறது. எந்தப் பட்டியின் பதிவேட்டில் இந்த நோயை எழுதுவது? 2020 இல் வடக்கில் தோல் கழலை நோய் வந்தபோது அதைக் காவிய ஈக்களுக்கும் உண்ணிகளுக்கும் பட்டியின் எல்லை தெரிந்திருக்கவில்லை.

ஆனாலும் பயிற்சி பெற்ற வைத்தியர் பட்டிக்குப் போய் 'உடல்நிலை இரண்டு' என்று குறித்து, கோ-3 புல் நடு, கொட்டில் போடு என்கிறார். கோடையில் நீரும், வேலியும், பெயரில் ஒரு துண்டுக் காணியும் இல்லாதவர் எங்கே புல் நடுவார்? சொன்னதை அவர் செய்யாதபோது 'பண்ணையாளரின் அறியாமை' என்று அறிக்கை போகிறது. இதுவே என் நீண்டநாள் ஆட்சேபம். நிலத்தைப் பறித்தவர்களின் பொறுப்பை இந்தப் பயிற்சி மாட்டுக்காரரின் தலையில் ஏற்றுகிறது, அதுவும் அறிவியலின் பெயரால். பயிற்றுவிப்பவர்கள் இதை வேண்டுமென்றே செய்வதில்லை என்பார்கள். இருக்கலாம். விளைவில் அதனால் எந்த வேறுபாடும் இல்லை.

வன்னிக்கு வரும் வைத்தியர் முதலில் கற்க வேண்டியது பதிவேடல்ல, மாடுகள் மாதாமாதம் நடக்கும் பாதை. எந்தக் குளத்தில் எத்தனை பட்டிகள் சேர்கின்றன என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில், எந்த வாரத்தில் ஊசி போடுவது என்று தீர்மானிக்க முடியும். காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பு நாளோடு மாடுகளை அகற்றும் நாளும் முடிவாகிறது. அந்த மேசையில் நீர்ப்பாசன அதிகாரி இருக்கிறார், கமநல அதிகாரி இருக்கிறார், விவசாயிகள் இருக்கிறார்கள். அகற்றப்படும் மாடுகள் டிசம்பர் வரை எதைத் தின்னும் என்று கேட்டு, பதில் வரும்வரை எழுந்து போகாத ஒரு மிருக வைத்தியர் அங்கே இருக்க வேண்டும். அதற்குரிய துணிவையும் தரவுகளையும் தராத பயிற்சிக்கு எத்தனை சான்றிதழ் வழங்கினாலும், அடுத்த குளிரில் அவருக்கு மிஞ்சும் வேலை பிரேத பரிசோதனைதான்.