குறிஞ்சித் திணையும் மகளிர் உழைப்பும்

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல் என்பது இலக்கண நூலார் அனைவர்க்கும் உடன்பாடு. அவ்வுடன்பாட்டின் நிழலில் ஒரு பெரும்பொருள் மறைந்து கிடக்கின்றது. தினைப்புனத்திற் கிளி கடியும் மகளைக் காணுந்தோறும் நம் திறனாய்வாளர் தலைவன் வரவையே எதிர்நோக்குகின்றனர்; அவள் அங்குச் செய்யும் தொழிலை நோக்குவார் அரியர். புனங்காவல் களவுக்கு வாய்த்ததொரு வாயில் என்ற அளவில் அமைந்துவிடுகின்றனர். அது குடும்பத்தின் உணவைக் காத்த உழைப்பு என்பதும், அவ்வுழைப்புக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பு இன்றும் தீராத வழக்கு என்பதும் இக்கட்டுரையில் யாம் காட்டப் புகும் கருத்துகளாம்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டை முதற்கண் எடுத்துக்கொள்வோம். 261 அடிகளாலாகிய இப்பாட்டு, தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் துறையில் அமைந்தது. இதனுள் வரும் மலர்கள் 99 என எண்ணிப் பலரும் வியந்துள்ளனர். மலர்களை எண்ணிய நாம் உழைப்பை எண்ணினோமில்லை. பாட்டின் போக்கைக் கூர்ந்து நோக்குக. கதிர் முற்றிய புனத்திற்குப் புள்ளோட்ட எம்மை விடுத்தவள் நீயே, பொழுது சாயத் திரும்புமாறு பணித்தவளும் நீயே என்னும் கருத்துப்படச் செவிலிக்குத் தோழி நினைவூட்டுகின்றாள். பரண்மீது ஏறியதையும், குளிர், தட்டை, தழல் முதலிய கருவிகளைக் கையாண்டதையும் அடுத்துக் கூறுகின்றாள். அருவியாடலும் மலர் கொய்தலும் அதன் பின்னரே வருகின்றன. தலைவன் வரவு அவற்றிற்கும் பின்னது. தலைவியின் பொருட்டு வழக்காட வந்தவள் தொழிலிலிருந்து தொடங்குவது வாளா அமைந்த முறைவைப்பு அன்று. இட்ட பணியைச் செய்தோம் என்பதே அவள் பேச்சுக்கு உரம் என்க.

உரிப்பொருளே சிறந்தது, ஏனைய அதற்குத் துணையாவன என்று ஈண்டுத் தடை எழுப்புவர் சிலர். முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றினொன்று சிறந்து வருதலைத் தொல்காப்பியரே கூறினார் என்பது மெய். ஆயினும் கருப்பொருள் வகையில் உணவையும் தொழிலையும் எண்ணியவரும் அவரே. சிறந்ததைப் போற்றுதல் வேறு. ஏனையதை இல்லையாக்குதல் வேறு. மேலும், உள்ளுறையும் இறைச்சியும் கருப்பொருளின்கண் தோன்றுவன. ஆதலின் தொழிலைக் காணாதான் காதலையும் குறைபடவே காண்பான்.

அறநூலின்கண் நிலைமை வேறாகின்றது. திருக்குறளின் வாழ்க்கைத் துணைநல அதிகாரம், கணவனது வருவாய்க்குத் தக வாழ்பவளை மனைவி எனச் சிறப்பித்துத் தொடங்குகின்றது. வருவாய் ஆடவனது, செலவைச் செவ்வனே நடத்துதல் பெண்ணினது என்னும் பகுப்பு இங்கு உண்டு. உழவு அதிகாரமோ, உரியவன் சென்று பாராத நிலம் மனையாளைப் போல ஊடும் என்கின்றது. உவமை நயமுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலத்தைப் பெண்ணாகக் கண்ட கண், பெண்ணை நிலத்திற்கு உரியவளாகக் காணவில்லை. வள்ளுவரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவ்வுவமையை நாம் வினாவின்றிக் கற்பித்து வருதலே ஆராயத்தக்கது.

கபிலர் தம் இறுதி நாளைத் திருக்கோவலூரிற் கழித்தார் என்பது மரபு. பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று இன்றும் உளது. 2019இல் தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் அவ்வூரும் கல்வராயன் மலையின் ஒரு பகுதியும் ஒருங்கே அடங்குகின்றன. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் தினையும் விளைப்பவர். களையெடுத்தலும் கதிரறுத்தலும் புடைத்தலும் பெரிதும் மகளிர் கையால் நிகழ்வன. 1976இல் அரசின் நேரடி ஆட்சி வரும்வரை இம்மலை மூன்று சாகீர்களின்கீழ் இருந்தது. சாகீர்தாரர்க்கு ஊதியமின்றி உழைத்த கொடுமையை நாம் கொடுமை என்றே பெயரிட்டு அழைக்கின்றோம். மனைக்குள் ஊதியமின்றி நிகழும் உழைப்புக்கோ பெயரே இட்டிலோம். 2019ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்டிர் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் 299 நிமிடம். ஆடவர் செலவிட்டது 97 நிமிடம்.

காணப்படாத உழைப்பு உரிமையாக மாறுவதில்லை. 1989இல் தமிழ்நாடு சட்டந்திருத்திக் குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் மகனோடு ஒத்த பங்கு அளித்தது. 2005இல் நாடு முழுமைக்கும் அந்நெறி வந்தது. எனினும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நடுவண் அரசு தனியே அறிவித்தாலன்றிப் பழங்குடியினர்க்குப் பொருந்தாது. சமவெளிப் பெண் பெற்ற சட்டவுரிமை மலைப்பெண்ணுக்கு அச்சட்டத்தின்வழி எட்டவில்லை. 2022 திசம்பரில் உச்சநீதிமன்றம் இந்நிலையை எடுத்துக்காட்டிச் சட்டத்திருத்தத்தை எண்ணிப் பார்க்குமாறு அரசுக்கு உரைத்தது. 2025 சூலையில் மற்றொரு வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்கம் உண்டென மெய்ப்பிக்கப்படாவிடத்துப் பழங்குடிப் பெண்ணின் வழியினர்க்கும் ஒத்த பங்கு உண்டெனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு தமிழ்த்துறைகளை நேரே தொடுவது என்று யாம் கருதுகின்றோம். வழக்கம் யாது என்பதற்குச் சான்று எங்கிருந்து வரும்? மலைமக்களின் பாட்டும் பழமொழியும் சடங்கும் முதியோர் நினைவும் அச்சான்றுகளுள் அடங்கும். அவற்றைத் தொகுப்போர் நம் ஆய்வாளரும் மாணவருமே. புனத்திற் பாடும் பெண்ணிடம் காதற்பாட்டை மட்டும் கேட்டு எழுதிவருவோமாயின், விதைத்தவர் யார், அறுத்தவர் யார், தானியக் குதிரின் பொறுப்பு யாரிடம், நிலம் யார் பெயரில் என்பன ஏட்டில் ஏறா. ஏறாதவை இல்லாதவையாகவே கொள்ளப்படும்.

ஆகவே குறிஞ்சியைக் கற்பிக்கும்போது கருப்பொருளிலுள்ள தொழிலுக்கு உரிய இடம் தருதல் வேண்டும். கல்வராயன் மலையிற் களஆய்வு செய்வோர் பாட்டோடு அதன் தொழிற்சூழலையும், விளைபயன் குடும்பத்துள் பகிரப்படும் முறையையும் ஒருசேரப் பதிதல் வேண்டும். குறிஞ்சிப்பாட்டுத் தோழி செய்த பணியைச் சொல்லியே நீதி கேட்டாள். அச்சொல்லைச் செவிமடுத்தல் திறனாய்வின் கடனாம்.