மேட்டில் நிறுத்திப் பாருங்கள்

பண்டாரவளையில் பாவித்த ஆட்டோ வாங்கப் போகிறவர் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. ஊரே 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டத்துப் பாதைகளோ மேடும் பள்ளமும். பஸ் போகாத லயத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சியையும் அரிசி மூட்டையையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த மூன்று சில்லுதான்.

விடியக்காலையில், பனி விலகுமுன் போங்கள். முதலில் பின்பக்க மூடியைத் திறந்து எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். இந்தக் குளிரில் உறங்கிய எஞ்சின் எப்படி எழும்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நீலப்புகை விட்டால் உள்ளே ஒயில் எரிகிறது. கால்மிதியையும் தூக்கிப் பாருங்கள். ஈரம் தங்கித் தகரத்தைத் துரு தின்பது அங்கேதான்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த சோதனை. பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி, செங்குத்தான மேட்டின் நடுவில் நிறுத்தி, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல வண்டி ஒருமுறை குலுங்கி, முனகி, பிறகு நிதானமாக நகரும். நெற்றியில் கயிறு இறங்க, கொழுந்துக் கூடையோடு மலையேறும் அக்காமாரின் நடை அது. எஞ்சின் மட்டும் கத்தி, சில்லு அசையாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய ஆட்டோவுக்கும் நல்ல விலை இருந்தது. காசைக் கொடுக்குமுன் வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கத்தை வண்டியிலுள்ளதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.