பாலத்தின் மேல் வானம், பாலத்தில் யாருமில்லை

ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றங்கரையில் முக்காலியை விரித்து நின்றால் திசைக்கொரு இருட்டு தெரியும். தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில் சென்னை. அந்த அடிவானம் விடியவிடிய வெளுத்தே கிடக்கும். கிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் வெளிச்சம், வடகிழக்கே ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் வெளிச்சம். நாகலாபுரம் மலைகள் இருக்கும் வடமேற்குப் பக்கம்தான் இன்னும் இருட்டு என்று சொல்லும்படி இருக்கிறது. ஷட்டரை அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று திறந்துவைத்து, அதாவது நீண்ட எக்ஸ்போஷரில், வானத்தையும் தெருவையும் படம் எடுக்கும் பழக்கம் கேமரா வைத்திருக்கும் இளைஞர்களிடம் இன்று பரவலாகிவிட்டது. அந்தப் படங்களைக் கொண்டாடக் காரணம் இருக்கிறது. அவற்றிடம் கேள்வி கேட்கவும் காரணம் இருக்கிறது.

முதலில் கொண்டாட்டம். நம் கண் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்ததைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஃபிலிமும் சென்சாரும் வந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டே இருக்கும். 1850-ல் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேகா நட்சத்திரம் முதன்முதலாகப் படத்தில் பதிந்தது இப்படித்தான். 1861-ல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ‘ஏசியா’ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தபோது தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியாகத் தேட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1891-ல், ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப் படத்தகட்டைக் கொண்டே ஒரு சிறுகோளைப் பிடித்தார். நட்சத்திரங்களைத் தொடர்ந்து தொலைநோக்கியைத் திருப்பினால் அவை புள்ளியாக நிற்கும், நகரும் சிறுகோள் மட்டும் சிறு கோடாக இழுபடும். வானத்தில் நகர்கிற பொருளை நீண்ட எக்ஸ்போஷர் காட்டிக்கொடுக்கிறது. தெருவில் என்ன செய்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வானப் படத்துக்கு நம் பகுதி தரும் வசதியைப் பலர் கவனிப்பதில்லை. ஊத்துக்கோட்டை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே 13 பாகையில்தான் நிற்கும். ஐரோப்பியப் படங்களில் வருவதுபோல முழு வானத்தையும் சுற்றும் வட்டங்கள் இங்கே கிடைக்காது. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அந்த வட்டத்துக்காக ஏங்குவது வீண். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் நமக்குத் திறந்து கிடக்கிறது. அகத்திய நட்சத்திரம் இங்கே 24 பாகை உயரம் வரை ஏறும். பால்வீதியின் மையம் இருக்கும் தனுசு ராசி தெற்கே 48 பாகைக்கு வரும். லண்டன்காரருக்கு அது அடிவானத்துப் புகையிலேயே முடிந்துவிடும்.

ஆனால் தனுசு உதிக்கும் திசையும் சென்னை இருக்கும் திசையும் இங்கிருந்து பார்த்தால் ஒன்றே. பால்வீதியின் மையம் நகரத்தின் வெளிச்சத்துக்குள்ளேதான் எழுந்து வருகிறது. மே மாத நடுவில் அது உச்சத்துக்கு வருவது இரவு இரண்டரை மணி வாக்கில். அதிலிருந்து விடியல் வெளுப்பு தொடங்கும்வரை, தென்மேற்கே சரியும் இரண்டு மணி நேரம்தான் எடுக்கத் தக்க நேரம். நட்சத்திரம் இழுபடாமல் எடுக்க, 24 மி.மீ. லென்ஸ் என்றால் 500-ஐ 24-ஆல் வகுத்து, 20 விநாடி என்று கணக்குச் சொல்வார்கள். இன்றைய நெருக்கமான சென்சாருக்கு அதுகூட அதிகம், நட்சத்திரம் இழுபட்டுவிடும். மே மாதப் புழுக்கம் இன்னொரு தொல்லை. சென்சார் சூடாக ஆக, நீண்ட எக்ஸ்போஷரில், வானத்தில் இல்லாத புள்ளிகள் சிவப்பாகவும் நீலமாகவும் முளைக்கும்.

இனி தெரு. 1838-ல் பாரிஸ் நகரத்தின் ஒரு பெருஞ்சாலையை டாகுவேர் படம் எடுத்தார். தகட்டில் ஒளி பதியப் பல நிமிடம் ஆனது. வண்டியும் ஆளுமாக இருந்த சாலை படத்தில் வெறிச்சோடிப்போனது. ஓரிடத்தில் நின்று காலணிக்குப் பாலிஷ் போடவைத்துக்கொண்டிருந்த ஒருவர் விழுந்தார். இந்தக் கலையின் பலமும் பழுதும் அந்தப் பழைய படத்திலேயே இருக்கின்றன.

அதை ஊத்துக்கோட்டைப் பாலத்தில் வைத்துப் பார்க்கலாம். முப்பது விநாடி. திருப்பதி பஸ் ஒன்று போகிறது. படத்தில் பஸ் இல்லை, பின்விளக்கின் இரண்டு சிவப்புக் கோடுகள் மட்டும். கையில் செல்போன் டார்ச்சோடு ஒருவர் நடக்கிறார். அந்த டார்ச் ஆடி ஆடிப் போன தடம் வெள்ளை நூலாக விழுகிறது, பிடித்திருந்தவர் விழவில்லை. விளக்கில்லாத சைக்கிளில் ஷிப்ட் முடிந்து ஒருவர் வீடு திரும்புகிறார். அவர் சுத்தமாக இல்லை. கணக்கு எளிது: நடப்பவர் விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறார், உடம்பின் அகலம் அரை மீட்டர். ஓரிடத்தை அவர் மறைப்பது அரை விநாடி, அதாவது மொத்த எக்ஸ்போஷரில் அறுபதில் ஒரு பங்கு. மீதி ஐம்பத்தொன்பது பங்கும் அவருக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடிச் சுவர்தான் பதிகிறது. வெளிச்சம் வைத்திருப்பவர் கோடாகவாவது மிஞ்சுகிறார், வைத்திராதவர் அழிகிறார்.

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையிலோ எளாவூரிலோ எடுத்த ‘லைட் டிரெயில்’ படங்களில் எனக்கிருக்கும் குறை இதுதான். லாரி வெள்ளமாக ஓடும் அந்தச் சாலை படத்தில் பொன்னாறாகிவிடுகிறது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் டிரைவர், ஓரமாக நடந்து ஷிப்டுக்குப் போகும் ஒடிசா, பீகார் தொழிலாளிகள், டீக்கடைக்காரர் யாரும் அதில் இல்லை. இந்தப் பகுதியின் இரவு உழைப்பவர்களின் இரவு. அந்த இரவை எடுத்த படத்தில் உழைப்பவர் இல்லாமல்போவதைத் தொழில்நுட்பத்தின் விளைவு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. எத்தனை விநாடி என்று தீர்மானித்தது எடுத்தவர்.

மனிதர் கரைவதையே பொருளாக்கவும் முடியும். ரஷ்யாவின் அலெக்ஸி டிட்டரென்கோ 1990-களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மக்கள் கூட்டத்தை நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தார். சோவியத் ஒன்றியம் உடைந்த பின் வாழ்வு குலைந்தவர்கள் படிக்கட்டில் புகையாக நெருக்குகிறார்கள், கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கைகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. மக்கள் அங்கே மறைந்தும் படத்தை நிறைக்கிறார்கள். அவர் எக்ஸ்போஷரை அந்த மக்களுக்காக அளந்தார். நம் பாலத்துப் படங்கள் பெரும்பாலும் வெளிச்சக் கோட்டுக்காக அளக்கப்படுகின்றன.

இதைவிடப் பெரிய முரண்பாடு ஒன்று உண்டு. தெருவில் எந்த வெளிச்சத்தை அழகென்று எடுக்கிறோமோ, அதே வெளிச்சத்தை வானப் படத்தில் அழுக்கென்று துடைக்கிறோம். பெரும்பாலும் இரண்டையும் செய்வது ஒரே ஆள். பழைய சோடியம் விளக்கின் ஆரஞ்சு ஒளி ஒரு குறுகிய பட்டைக்குள் அடங்கியிருந்தது, ஃபில்டர் போட்டு ஓரளவு வடிகட்ட முடிந்தது. இப்போது வந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுகிறது, அதை வடிகட்ட வழியில்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் ஆர்வலர்கள் 2011 முதல் 2022 வரை அனுப்பிய பதிவுகளைக்கொண்டு, இரவு வானம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் என்ற அளவில் வெளுத்து வருவதாகக் கணக்கிட்டது. கண்ணுக்கு 250 நட்சத்திரம் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது 100தான் தெரியும். அந்த வெளுப்பை ஊர்வாரியாகப் பதிவுசெய்ய நீண்ட எக்ஸ்போஷரைவிட மலிவான கருவி கிடையாது. நாமோ அதை மென்பொருளில் அழித்துவிட்டு, ஊத்துக்கோட்டை வானத்தை லடாக்கின் ஹான்லேயில் தெரியும் இருண்ட வானமாக்கிக் காட்டுகிறோம். பார்ப்பவர், நம் வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிவிடுகிறார்.

செல்போன் இந்தச் சிக்கலைக் கூட்டியிருக்கிறது. 2019-ல் கூகுள் பிக்சல் 4, பதினாறு விநாடிப் படங்களை அடுக்கி நான்கு நிமிட எக்ஸ்போஷருக்குச் சமமான வானப் படத்தைத் தானே உருவாக்கித் தந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து லென்ஸ் வாங்க முடியாதவருக்கும் பால்வீதி கிடைத்தது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். படங்களை அடுக்குவதிலும் தவறில்லை. ஒவ்வொரு படத்திலும் அந்த வானத்திலிருந்து வந்த ஒளிதான் இருக்கிறது. பூண்டி ஏரிக்கரையில் மாலையில் எடுத்த முன்புறத்தின் மேல் வேறொரு நாள், வேறொரு ஊரில் எடுத்த பால்வீதியை ஒட்டிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. அது ஓவியம் என்றால் ஓவியம் என்று எழுதிவிடலாம்.

என் தீர்ப்பு இது: வானத்துக்கு நீண்ட எக்ஸ்போஷர் நம்பத்தக்க சாட்சி, எடுத்தவர் துடைக்காமல் இருக்கும்வரை. தெருவுக்கு அது பாதிச் சாட்சி, இன்னொரு படத்தோடு சேர்ந்தால்தான் முழுதாகும்.

இந்தப் பக்கம் கேமரா வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் மே மாத அமாவாசையை ஒட்டி, ஆற்றங்கரையில் ஒரே இடத்திலிருந்து, ஒரே லென்ஸில், ஒரே எக்ஸ்போஷரில் தென்கிழக்கு அடிவானத்தை ஒரு படம் எடுங்கள். வெளுப்பை அழிக்காத மூலக் கோப்பைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். கிளம்புவதற்கு முன், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, புள்ளிபுள்ளியாக வந்தாலும் பரவாயில்லை என்று, பாலத்தில் போகிறவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் முகம் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். வெளியிடும்போது இரண்டையும் சேர்த்தே வெளியிடுங்கள்.