கள்ளுக்கடை மேல் புலவர் கொடி

பட்டினப்பாலையைக் கற்றோர் அதில் பறக்கும் கொடிகளை மறந்திருக்கமாட்டார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. நல்லாசிரியர்கள் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி ஒன்று. துறையில் நிற்கும் கலங்களின் மேல் ஒன்று. மீனும் இறைச்சியும் பொரியும் கள்ளுக்கடை வாயிலில் மற்றொன்று. வழிப்போக்கன் கொடியைக் கண்ட அளவிலேயே, அஃது யாருடையது, அதன் கீழே கிடைப்பது யாது என்று அறிந்துகொண்டான். கள் வேண்டியவன் கள்ளுக்கடைக்குச் சென்றான். வாதம் வேண்டியவன் புலவரிடம் சென்றான். கள் விற்பவன் புலவர் கொடியைக் கடன் வாங்கித் தன் வாயிலில் நட்டான் என்று அந்நூலில் எங்கும் இல்லை.

அதே நூல் அந்நகரத்து வணிகரையும் பேசுகிறது. வாங்குவதில் பேராசையும் விற்பதில் வஞ்சனையும் அவர்களிடம் இல்லை. பிறர் பொருளையும் தம் பொருள் போலவே கருதினர். எதையும் மறையாது சொல்லி விற்றனர். வள்ளுவரும் வணிகரைக் குறித்த தம் குறளை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தாரேயன்றி, பொருள் செயல்வகையில் வைத்தாரில்லை. பழைய நூல்களைப் பூசையறையில் வைத்து வணங்குவதால் பயன் யாது? அவற்றை உரைகல்லாகக் கொண்டு இன்றைய வாழ்வை உரைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. சமூக ஊடக விளம்பரம் என்னும் புதுவகை எழுத்தை அவ்வாறு உரைத்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு வருவோம். தேக்காவிலிருந்து முஸ்தபா வரை நடப்பவர் கண்ணில் கடைப்பலகைகள் படுகின்றன. ஆயின், வாங்குவோர் பலரை இன்று கடைக்கு அழைத்து வருவது பலகையன்று, கைப்பேசி. பிரியாணிக் கடை டிக்டாக்கில் ஆவி பறக்க அண்டாவைத் திறக்கிறது. புடைவைக் கடை இன்ஸ்டகிராமில் முந்தானையை விரிக்கிறது. நகைக்கடை ஃபேஸ்புக்கில் அன்றைய தங்க விலையைச் சொல்கிறது. ஞாயிறு மாலை ஊதியத்தோடு வரும் தொழிலாளி, சங்கிலியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பி, மனைவியின் சொல் கேட்ட பிறகே பணத்தை எடுக்கிறார். இவற்றை நாம் குறைகூறவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் முடக்கத்தின்போது, தேக்காச் சந்தைக் கடைக்காரர் சிலர் ஃபேஸ்புக் நேரலையில் தம் சரக்கைக் காட்டி விற்றனர். விற்பவர் முகம் தெரிந்தது, பண்டமும் தெரிந்தது. அது தன் கொடியைத் தானே ஏந்திய வாணிகம்.

நாம் கடிந்துரைப்பது வேறொன்றை. விலைக்கு வாங்கப்பட்ட சாட்சியை. அதன் இலக்கணத்தைப் பாருங்கள். ஒருவர் தற்செயலாக நுழைந்தவர் போல உணவகத்துக்குள் வருகிறார், ஒரு கவளம் உண்கிறார், கண்களை மூடுகிறார், இந்நாட்டிலேயே இதற்கு இணையில்லை என்று உருகுகிறார். கூலி பெற்று உருகினாரா, பசித்து உருகினாரா என்பதை மட்டும் சொல்வதில்லை. சொல்வோரிலும் சிலர் சொல்லும் முறை வியப்புக்குரியது. புகழுரை முழுதும் தமிழில்; 'இது விளம்பரம்' என்னும் ஒப்புதல் மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் இருபது குறிச்சொற்களுக்கு நடுவே! தமிழ் மட்டுமே அறிந்தவருக்குப் புகழைத் தமிழில் ஊட்டி, உண்மையை அவர் அறியாத மொழியில் புதைப்பது ஒப்புதல் ஆகுமோ?

நம் அகப்பாடல்களுக்கு 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறிப்பு எழுதிவைத்தனர் முன்னோர். ஏன்? பேசுபவர் யார் என்று அறியாவிடில் பேச்சின் பொருள் விளங்காது. தலைவியின் நலம் நாடிப் பேசுபவள் தோழி என்பதாலேயே அவள் சொல்லுக்கு எடை உண்டு. இன்றைய பதிவிலோ வணிகன் கூற்று தோழி கூற்றாக வேடம் புனைகிறது. விமரிசன நோக்கில் இது வெறும் மிகைக்கூற்றுக் குற்றமன்று. மிகைக்கூற்றை வாசகன் தள்ளுபடி செய்துகொள்வான். பேசுபவரையே மாற்றிவைத்தால் எதைத் தள்ளுபடி செய்வான்?

இஃது கற்பனை அச்சம் அன்று. 2015 மார்ச்சில் சிங்கப்பூரில் வெளியான செய்தியை நினைவுகூர்வோம். சிங்டெல் நிறுவனத்தின் இளைஞர் திட்டத்தைப் பரப்ப அமர்த்தப்பட்ட கஷ்கிளவுட் என்னும் விளம்பர அமைப்பு, எம்1, ஸ்டார்ஹப் ஆகிய போட்டி நிறுவனங்களின் சேவையைக் குறைகூறி எழுதுமாறு தன் பதிவர்களுக்குக் குறிப்பு அனுப்பியிருந்ததை ஒரு வலைப்பதிவர் அம்பலப்படுத்தினார். சிங்டெல் போட்டியாளர்களிடம் மன்னிப்புக் கோரியது. அன்று புகழ் மட்டுமன்று, மனக்குறையும் விலைக்குக் கிடைக்கும் என்று உலகம் அறிந்தது. அடுத்த ஆண்டு, 2016-இல், சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் சமூக ஊடகத்துக்கென நெறிகளை வகுத்தது. கூலி பெற்ற பதிவு கூலி பெற்றதென்று தெளிவாகத் தெரியவேண்டும்; விருப்பக்குறிகளை விலைக்கு வாங்கிக் குவிக்கலாகாது என்பன அவற்றின் சாரம். பின்னர், வாடிக்கையாளர் பெயரால் ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைத் தானே பதித்த வாகனப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின்மேல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. நெறி உண்டு, சட்டமும் உண்டு. எனினும், கைப்பேசிதோறும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது.

ஒரு காலத்தில் சிராங்கூன் சாலையின் அஞ்சடியில் கிளிச்சோதிடர் அமர்ந்திருப்பார். கிளி வெளியே வந்து ஒரு சீட்டை எடுக்கும். அதுவே நம் விதி என்பார். நாம் நகைத்தோம். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கிளி இருக்கிறது. எந்தப் பதிவு நம் கண்முன் வரவேண்டும் என்று அது சீட்டெடுக்கிறது. நாம் எதை நெடுநேரம் நோக்கினோம், எந்த வணிகன் எவ்வளவு கட்டினான் என்று கணக்கிட்டே அது எடுக்கிறது. அதை மக்களின் தீர்ப்பென்று நம்புவோர், பழைய கிளியைப் பார்த்து நகைக்க யாதொரு உரிமையும் உடையவரல்லர். பழைய கிளிக்கு நெல் போட்டவராவது நம் எதிரே அமர்ந்திருந்தார்.

சீர்திருத்தம் பேசும் நமக்கு மற்றொரு வேதனையும் உண்டு. புதிய கருவி பழைய மடமைக்குக் கூலியாளாகிவிட்டது. அட்சய திருதியையில் தங்கம் வாங்காவிடில் செல்வம் தங்காது என்னும் அச்சத்தை ஆண்டுதோறும் ஊதிப் பெருக்குவதும், இராசிக்கல்லின் மகிமையைக் காணொளியில் காட்டுவதும் யாருடைய நன்மைக்கு? கட்டுமானத் தளத்தில் வெயிலில் நின்று ஈட்டிய வெள்ளி ஒரு கல்லுக்குப் போகிறது. 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை 110 கோடி வெள்ளியையும் எட்டியது. அத்தனையும் விளம்பரத்தால் விளைந்ததென்று நாம் சொல்லவில்லை. முகம் அறியாதவர் சொல்லை ஆராயாது நம்பும் பழக்கம் அதற்கு வழி திறந்தது என்கிறோம்.

பயனீட்டாளரிடம் குற்றமே இல்லையோ எனின், உண்டு. இலவச உணவு தராவிடில் ஒற்றை நட்சத்திரம் இடுவேன் என்று மிரட்டுபவரும், உண்ணாத கடையைத் தூற்றுபவரும் கைக்கூலி வாங்கிய பதிவரின் உடன்பிறப்புகளே. ஆனால் இதே கருவியைச் செம்மையாகக் கையாண்டதும் மக்களே. 2019 ஜூலையில், மின்கட்டண முறை ஒன்றின் விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கருமையாக்கிக்கொண்டு இந்தியராகத் தோன்றினார். சமூக ஊடகத்தில் கண்டனம் எழுந்தது, விளம்பரம் விலக்கப்பட்டது, பொறுப்பானோர் மன்னிப்புக் கேட்டனர். நம்மைக் கேலிப் பொருளாக்காதே என்று விலைகொடுத்து வாங்குபவன் உரத்துச் சொன்ன தருணம் அது. தம் மனத்தில் உள்ளதைத் தாமே சொன்னவர்களின் சொல்லுக்கு அவ்வளவு ஆற்றல் உண்டு.

ஆதலின் நாம் வேண்டுவது பெரிதொன்றும் அன்று. எந்த மொழியில் புகழ்கிறீர்களோ, அந்த மொழியிலேயே, முதல் வரியிலேயே, 'விளம்பரம்' என்று எழுதுங்கள். அச்சமூட்டி விற்காதீர்கள். படிப்போரும் ஒவ்வொரு பதிவின்முன்னும் ஒரு கணம் நின்று, இது யார் கூற்று என்று கேட்கட்டும். பாட்டுக்குக் கேட்கும் அக்கேள்வியைப் பணத்துக்கும் கேட்கப் பழகினால் போதும்.

கள் விற்போர் கள்ளுக்கொடியையே ஏற்றட்டும், அதில் இழிவில்லை. புலவர் கொடியைப் புலவருக்கு விட்டுவிடுக.